தென்னாப்பிரிக்காவில் மருந்தக நடைமுறை ஆய்வு: புதிதாக வருபவர் எந்தக் கடிதத்தை எப்போது கேட்க வேண்டும்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ முதுநிலைப் படிப்புக்காக டர்பனுக்கு வந்து, அரசு மருத்துவமனை மருந்தகத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆய்வு செய்ய நினைக்கும் மருந்தாளுநர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் நோயாளிகளின் கோப்புகளைத் திறந்து தரவு எடுத்த காலம் 11 வாரங்கள்; அந்தக் கோப்புகளைத் தொடுவதற்கான அனுமதிக்குக் காத்திருந்த காலம் 14 மாதங்கள். அதில் ஏறக்குறைய 7 மாதங்கள் யாரும் தடுத்ததால் போனவை அல்ல. கடிதங்களை வரிசை மாற்றிக் கேட்டதால் போனவை. உதவித்தொகை 24 மாதங்களுக்கு மட்டுமே கிடைக்கும் ஒருவருக்கு 7 மாதம் என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இழப்பு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே படிப்படியாகச் சொல்கிறேன். இங்கே சொல்பவை குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நான் கண்ட நடைமுறை. மற்ற மாகாணங்களில் அலுவலகங்களின் பெயர் மாறினாலும் கேட்கப்படும் தாள்கள் பெரும்பாலும் இவையே.

1. விமானம் ஏறுவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வெளிநாட்டுப் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம் மதிப்பிட்டுத் தரும் சான்றிதழைப் பல்கலைக்கழகங்கள் கேட்கும். அதற்குப் பட்டச் சான்றும் முழு மதிப்பெண் பட்டியலும் தேவை. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர்கள், முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் பட்டியலின் கூடுதல் பிரதிகள் இரண்டையாவது ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபின் அண்ணனையோ மாமாவையோ சென்னைக்கு அனுப்பி, அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து, அவர் இரண்டு முறை அலைந்து வாங்க வேண்டியிருக்கும்.

நம்மவர் எல்லோரும் விழும் பள்ளம் பெயரில் இருக்கிறது. பட்டச் சான்றில் தலைப்பெழுத்தோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயராக விரிந்து வேறு பெயரைப் போலத் தெரியும். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். இங்கே காவல் நிலையத்திலேயே கட்டணமின்றி உறுதிமொழி எடுத்து முத்திரை இட்டுத் தருவார்கள். சான்றொப்பமிட்ட நகல்களும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அந்த நகல் 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. ஆகவே ஒரே நாளில் இருபது நகல் எடுத்து வைத்துக்கொள்வது வீண். தேவைப்படும் வாரத்தில் எடுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஊரில் நீங்கள் பதிவுபெற்ற மருந்தாளுநராக இருந்தாலும், இங்கே 1974ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டத்தின்படி தென்னாப்பிரிக்க மருந்தக மன்றத்தில் பதிவு பெறும்வரை மருந்து வழங்கவோ நோயாளிக்கு மருந்து ஆலோசனை சொல்லவோ கூடாது. நீங்கள் ஆய்வாளர் மட்டுமே. ஆய்வு முன்வரைவில் "ஆய்வாளர் நோயாளிக்கு மருந்து பற்றி ஆலோசனை வழங்குவார்" என்று பழக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், உங்கள் பதிவு எண்ணைக் கேட்டு விண்ணப்பம் திரும்பி வரும். அந்தப் பணியை நிலையத்தின் மருந்தாளுநர் செய்வார் என்று எழுதி, அவருடைய சம்மதத்தையும் இணைத்துவிடுங்கள்.

2. கேள்வியை ஒரே கட்டடத்துக்குள் அடக்குங்கள்

"முதியோரின் மருந்துப் பயன்பாடு" என்று தொடங்கினால் மூன்று ஆண்டுகள் போதாது. நெறியாளர் எனக்குச் சொன்ன அறிவுரை இது: உன் கேள்விக்கான பதில் எந்த அலமாரியில், எந்தக் கோப்பில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உன்னால் விரல் நீட்டிக் காட்ட முடிய வேண்டும்.

எடுத்துக்காட்டாக என் கேள்வியையே சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து எச்.ஐ.வி. சிகிச்சையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை முதன்மையாக வழங்கப்படுகிறது. டோலுடெக்ராவிர், நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் உடலிலிருந்து சிறுநீர் வழியே வெளியேறுவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்து எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1,000 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. நடைமுறையில் காலை 500, இரவு 500. நீரிழிவும் எச்.ஐ.வி.யும் ஒருங்கே உள்ளவர்களின் மருந்துச்சீட்டில் இந்த வரம்பு பின்பற்றப்படுகிறதா என்பதே என் கேள்வி. பதில் மருந்துச்சீட்டிலேயே இருக்கிறது. சிறுநீரகச் செயல்பாட்டு அளவு ஆய்வகத் தாளில் இருக்கிறது. வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

கேள்வியை முடிவு செய்யும் முன் மூன்றைச் சரிபாருங்கள்.

முதலாவது, தரவு இன்னும் இருக்கிறதா என்பது. மருந்துச்சீட்டுப் பதிவுகளை மருந்தகம் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தையவை கிடைக்கும் என்று நம்பிப் பத்தாண்டு ஒப்பீடு திட்டமிடாதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் தேடும் நோயாளி அந்த இடத்துக்கு வருகிறாரா என்பது. இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஆய்வுகள்கூட இங்கே சாய்ந்துவிடுகின்றன. நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவர்களில் உடல்நிலை சீராக இருப்பவர்கள், மையமாகப் பொட்டலமிட்டு வெளியிடங்களில் வழங்கும் அரசுத் திட்டத்தின் கீழ், வீட்டுக்கு அருகே உள்ள கடையிலோ சமூகக் கூடத்திலோ மருந்தை வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் சுகாதார நிலையத்துக்கு ஆண்டில் சில முறை மட்டுமே வருவார்கள். நீங்கள் நிலையத்தின் வரிசையில் அமர்ந்திருப்பவர்களை மட்டும் சந்தித்து "நோயாளிகள் மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை" என்று எழுதினால், ஒழுங்காக எடுப்பவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை என்பதை மறந்துவிட்டீர்கள் என்று பொருள். கோப்புகளின் பட்டியலிலிருந்து மாதிரி எடுங்கள், அல்லது வெளியிடங்களையும் சேருங்கள். அப்படிச் சேர்த்தால் அந்த இடங்களுக்கும் தனி அனுமதி வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. விகிதம் தெரியாதபோது 95 சதவீத நம்பிக்கைக்கும் 5 சதவீதப் பிழைக்கும் கணக்கு இப்படி வரும்: 1.96 × 1.96 × 0.5 × 0.5 ÷ (0.05 × 0.05) = 384.16. இந்த 384ஐ அப்படியே எழுதிவிட்டு, நிலையத்தில் மொத்தமே 600 பேர்தான் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் விடுபவர்கள் பலர். மொத்த எண்ணிக்கை சிறியதாக இருப்பதற்கான திருத்தம் செய்தால் 600 பேருக்கு 235 போதும். பக்கம் கிழிந்த, காணாமல் போன கோப்புகளுக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 259 வரும். புள்ளியியலாளரின் ஒரு பக்கக் கடிதம் இதற்கு இருந்தால், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழு கேள்வி கேட்பதில்லை.

3. அனுமதிகளின் வரிசை

நான் 7 மாதம் இழந்த இடம் இதுதான். முன்வரைவு துறையில் ஏற்கப்பட்டவுடன் நேரே அறநெறிக் குழுவுக்கு அனுப்பினேன். நிலையத்தின் ஆதரவுக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். நிலையத்துக்குப் போனேன், மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். மாவட்டத்துக்கு எழுதினேன், இரண்டு மாதம் கழித்து, இந்த நிலையம் எங்களுடையதே அல்ல, மாநகராட்சியுடையது என்று பதில் வந்தது. அதன்பின் வேறு நிலையத்தைத் தேர்ந்து முதலிலிருந்து தொடங்கினேன்.

சரியான வரிசை இது.

முதலில், நிலையம் யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டர்பனில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் சில மாகாண சுகாதாரத் துறையின் கீழும் சில ஈத்தெக்வினி மாநகராட்சியின் கீழும் இயங்குகின்றன. ஒரே சாலையில் எதிரெதிரே இருந்தாலும் அனுமதிக்கான அலுவலகம் வேறு. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் நிலையப் பொறுப்பாளரிடம் நேரில் கேளுங்கள்.

அடுத்து, நிலையத்தின் ஆதரவுக் கடிதம். மருத்துவமனையானால் தலைமை நிர்வாகியோ மருத்துவ மேலாளரோ கையெழுத்திடுவார். மாகாணத்தின் சுகாதார நிலையமானால் மாவட்ட அலுவலகத்தின் கடிதம் வேண்டும். இருவருக்கும் முழு முன்வரைவை அனுப்பாதீர்கள். என்ன கேள்வி, எத்தனை கோப்புகள், எந்த அறையில் அமர்வேன், எத்தனை நாள், ஊழியரின் நேரம் எவ்வளவு போகும் என்ற ஐந்துக்கும் பதில் சொல்லும் ஒரே பக்கத்தை எழுதி, அதோடு முன்வரைவை இணையுங்கள். அவர்கள் உண்மையில் கவலைப்படுவது ஊழியரின் நேரத்தைப் பற்றித்தான். மருந்தகத் தலைவரை முன்னதாகவே சந்தித்து, அவருடைய வாய்மொழிச் சம்மதத்தைப் பெற்றபின் மேலாளரிடம் போனால் கடிதம் விரைவில் வருகிறது.

அதன்பின் அறநெறிக் குழு. தேசிய சுகாதார ஆய்வு அறநெறி மன்றத்தில் பதிவான குழுவாக அது இருக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்திலிருந்து வருகிறது. ஊரில் உங்கள் பழைய கல்லூரியின் குழு தந்த ஒப்புதல் இங்கே செல்லாது. குழு பெரும்பாலும் முதலில் தற்காலிக ஒப்புதலைத்தான் தரும். மாகாண அனுமதி வந்தபின் முழு ஒப்புதல் வரும். தற்காலிகக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரவு எடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். அப்படி எடுத்த தரவைப் பின்னர் பயன்படுத்த முடியாது. பின்தேதியிட்டு ஒப்புதல் தரும் வழக்கம் கிடையாது.

நான்காவதாக, தேசிய சுகாதார ஆய்வுத் தரவுத்தளம் என்னும் இணையப் பதிவில் கணக்குத் தொடங்கி, ஆதரவுக் கடிதம், அறநெறிக் குழுவின் கடிதம், முன்வரைவு மூன்றையும் ஏற்றி, மாகாணத்தின் அனுமதியைக் கேட்க வேண்டும். மூன்று தாள்களிலும் தலைப்பு ஓர் எழுத்துக்கூட மாறக்கூடாது. இடையில் நெறியாளர் தலைப்பைச் செம்மைப்படுத்தினால், பழைய தலைப்பில் இருக்கும் கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லி மீண்டும் நடக்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் கடிதம் கேட்கும் முன்பே தலைப்பை இறுதி செய்துவிடுங்கள்.

கடைசியாக, மாகாணக் கடிதத்தை அறநெறிக் குழுவுக்கு அனுப்பி முழு ஒப்புதல் வாங்கி, எல்லாக் கடிதங்களின் நகலையும் ஒரு கோப்பில் போட்டு நிலையப் பொறுப்பாளரிடம் நேரில் கொடுத்துத் தொடங்கும் தேதியைச் சொல்லுங்கள். நான் தொடங்கவிருந்த வாரத்தில் பொறுப்பாளர் மாற்றலாகிப் போனார். புதியவருக்கு என் ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கோப்பு இருந்ததால் இரண்டு நாளில் சரியாயிற்று.

தனியார் மருந்தகத்தில் செய்பவர்களுக்கு மாகாணப் படி இல்லை. ஆனால் சங்கிலிக் கடைகளில் கிளை மேலாளர் சம்மதித்தாலும் தலைமை அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தனிக் கடையில் உரிமையாளர், பொறுப்பு மருந்தாளுநர் இருவருமே கையெழுத்திட வேண்டும். மருந்தியல் மாணவர்களிடம் கற்பித்தல் பற்றிய ஆய்வு செய்பவர்கள் பல்கலைக்கழகப் பதிவாளரின் அனுமதியைப் பெற வேண்டும். நீங்களே பாடம் எடுக்கும் வகுப்பில் நீங்களே வினாநிரலைக் கொடுத்தால், மதிப்பெண்ணுக்கு அஞ்சி ஒப்புக்கொண்டார்கள் என்ற கேள்வி எழும். வேறொருவரைக் கொண்டு கொடுக்கச் செய்யுங்கள்.

ஏதேனும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு, அதிலும் பதிவாகாத மருந்து அல்லது பதிவான மருந்தை அதன் ஒப்புதலுக்கு வெளியே உள்ள நோய்க்கோ அளவிலோ கொடுப்பது என்றால், 2018இல் பழைய மருந்துக் கட்டுப்பாட்டு மன்றத்தின் இடத்துக்கு வந்த தென்னாப்பிரிக்கச் சுகாதாரப் பொருள்கள் ஒழுங்காற்று ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். முதுநிலை மாணவர் ஒருவர் தனியாக அந்த வழியில் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

4. அறநெறிக் குழுவின் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டியவை

முன்வரைவு, தரவுப் படிவம், நோயாளியின் ஒப்புதல் படிவம், செலவுத் திட்டம், உங்களதும் நெறியாளரதும் தன்விவரம், நிலையத்தின் கடிதம், ஆய்வு அறநெறிப் பயிற்சிச் சான்று ஆகியவை அடிப்படை. பயிற்சிச் சான்றுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ட்ரீ என்ற இணையப் பயிற்சி இலவசம். அதில் தென்னாப்பிரிக்காவுக்கான தனிப் பகுதியையும் முடித்துச் சான்றைப் பதிவிறக்குங்கள். அந்தப் பகுதியை விட்டுவிட்டு, பொதுப் பகுதிகளின் சான்றை மட்டும் இணைத்து விண்ணப்பம் திரும்பிய தோழி ஒருவர் எனக்கு உண்டு.

முன்வரைவை எழுதும் முன் தேசிய சுகாதாரத் துறையின் ஆய்வு அறநெறி வழிகாட்டியின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பைப் படியுங்கள். உங்களுக்கு முன் படித்தவரின் ஆய்வேட்டிலிருந்து அறநெறிப் பகுதியை நகலெடுத்தால் 2015ஆம் ஆண்டுப் பதிப்பின் பெயர் அதில் அப்படியே நிற்கும், குழுவினர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே எல்லோரும் போப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. உடல்நலத் தகவல் அதில் சிறப்புப் பாதுகாப்புக்குரியது. பெயரை எடுக்கவில்லை என்று எழுதுவது மட்டும் போதாது. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறு அந்த நபரின் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஆகவே அடையாள எண்ணைத் தரவுப் படிவத்தில் எழுதாதீர்கள். பிறந்த தேதிக்குப் பதில் வயதை மட்டும் எழுதுங்கள். கோப்பு எண்ணையும் உங்கள் ஆய்வு எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஒன்று தேவைப்படும். அது நிலையத்தை விட்டு வெளியே போகாது, மருந்தகத்தின் பூட்டிய அலமாரியிலேயே இருக்கும் என்று எழுதுங்கள். அப்படியே செய்யவும் வேண்டும்.

பழைய கோப்புகளை மட்டும் படிக்கும் ஆய்வுக்கு, ஒவ்வொரு நோயாளியிடமும் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஏன் அது நடைமுறையில் இயலாது, ஏன் ஆபத்து மிகக் குறைவு என்று இரண்டு பத்திகள் எழுதினால் போதும்.

5. படிவத்தின் மொழியும் கேட்கும் விதமும்

குவாசூலு-நட்டாலில் பெரும்பாலானோரின் தாய்மொழி இசிசூலு. நோயாளிகளைச் சந்திக்கும் ஆய்வுக்கு ஆங்கிலப் படிவத்தோடு இசிசூலுப் படிவமும் வேண்டும். ஒருவர் மொழிபெயர்க்க, அதைப் பார்க்காத வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவர, இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே பயன்படுத்துங்கள். ஆங்கிலப் படிவம் குழுவில் ஒப்புதல் பெற்றபின் மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பதே சிக்கனம். முன்னதாகக் கொடுத்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டும்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பகுதிகளில் நம் வம்சாவளியினரிடையே ஆய்வு செய்பவர்கள், தமிழ்ப் படிவம் வைத்திருப்பதே போதும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானோர் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். தமிழ் பேசும் முதியவர்களிலும் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வாய்விட்டுப் படித்துக் காட்டுவது, சாட்சி ஒருவரைக் கையெழுத்திடச் செய்வது ஆகியவற்றை முன்வரைவிலேயே சேருங்கள்.

சொல் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு முன்னோட்டத்தில் உணர்ந்தேன். சாட்ஸ்வொர்த்தில் எழுபது வயது கடந்த ஓர் ஆயாவிடம், "மருத்துவமனை மாத்திரை தவிர வேறு மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா ஆயா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல கண்ணு" என்றார். படிவத்தில் "இல்லை" என்று குறித்துவிட்டேன். எழுந்து போகும்போது, காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிப்பீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். பாகற்காய்ச் சாறு ஒரு தம்ளர், இரவு ஊறவைத்த வெந்தயம் ஒரு கரண்டி என்றார். அதுவும் சர்க்கரைக்காகத்தான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது மருந்து அல்ல, சமையலறைப் பொருள். அன்று மாலையே அந்தக் கேள்வியை மாற்றி, காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை வாயில் போடுவதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். வீட்டு வைத்தியம் கோப்பிலேயே இல்லாததால் அந்தக் கேள்வி பின்னர் என் ஆய்விலிருந்து நீங்கிவிட்டது. ஆனால் நேர்காணல் செய்யும் எவரும் அதை இப்படித்தான் கேட்க வேண்டும்.

நோயாளி மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்பதை அளக்க ஆயத்த வினாநிரல்களைத் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மோரிஸ்கி அளவுகோல் இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு உரிமம் வேண்டும், உரிமமின்றிப் பயன்படுத்தியதால் வெளியான கட்டுரையைத் திரும்பப் பெற்றவர்கள் உண்டு. எந்த வினாநிரலானாலும் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியை இணையுங்கள். மருந்து வாங்கிய தேதிகளைக் கோப்பிலிருந்து எடுத்து, கையில் மருந்து இருந்த நாள்களின் விகிதத்தைக் கணக்கிடுவது செலவில்லாத வழி, என் பார்வையில் நம்பகமான வழியும்கூட.

6. செலவு

பலர் கல்விக் கட்டணத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பு, அச்சு, பயணம், கைபேசி இணையம், புள்ளியியல் உதவி, கட்டுரை வெளியீட்டுக் கட்டணம் ஆகிய ஆறுக்கும் தனித்தனி வரி வேண்டும். மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் பணம். ஆகவே நான்கு பக்க ஒப்புதல் படிவத்தை இரண்டு பக்கமாக்கினால் மொழிபெயர்ப்பிலும் அச்சிலும் மிச்சம், படிப்பவருக்கும் நன்மை. பயணத்துக்கு மினிபஸ் டாக்சி மலிவு என்றாலும் ரசீது கிடைக்காது. உதவித்தொகையிலிருந்து திரும்பப் பெற வேண்டுமானால் நாள், தூரம், தொகை எழுதிய குறிப்பேட்டில் நெறியாளரின் கையெழுத்தை மாதந்தோறும் வாங்குங்கள்.

நோயாளியிடம் நேரம் கேட்கும் ஆய்வில் அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையையும் மறக்காதீர்கள். நேரம், சிரமம், செலவு என்ற மூன்றையும் கணக்கிட்டு ஈடு செய்வதே இங்குள்ள வழக்கம். மருந்து வாங்க வந்த நாளிலேயே பத்து நிமிடம் பேசுபவருக்கும், உங்களுக்காகவே இன்னொரு நாள் வண்டி ஏறி வருபவருக்கும் ஒரே தொகை என்று எழுதினால் குழு ஏற்காது, ஏற்கவும் கூடாது.

7. காலக் கணக்கு

நிலையத்தின் கடிதத்துக்கு 6 வாரம், அறநெறிக் குழுவுக்குத் திருத்தங்களோடு சேர்த்து 3 மாதம், மாகாணத்துக்கு 6 வாரம் என்று ஒதுக்குங்கள். விரைவாக வந்தால் நல்லது. ஆபத்து மிகக் குறைந்த ஆய்வுகளை முழுக் குழுவின் கூட்டத்துக்குக் காத்திராமல் இரண்டொரு உறுப்பினர் பரிசீலிக்கும் வழி உண்டு. தகுதியிருந்தால் அதையே கேளுங்கள்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம்வரை அலுவலகங்கள் மூடியிருக்கும். நவம்பர் கடைசியில் அனுப்பும் விண்ணப்பம் பிப்ரவரியில்தான் அசையும். செப்டம்பரில் அனுப்பிவிடுங்கள். நம் வம்சாவளியினரிடையே உணவு, சர்க்கரை பற்றிய தரவு எடுப்பவர்கள் புரட்டாசியைத் தவிர்க்கவும். இங்கே மாதம் முழுவதும் விரதம் இருக்கும் குடும்பங்கள் பல, அந்த மாதத்து இரத்தச் சர்க்கரை மற்ற மாதத்தைப் போல இருக்காது. ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்விடுவார்கள்; நேர்காணலுக்கு நாள் குறிக்காதீர்கள்.

8. தரவு எடுக்கும் நாள்களில்

மருந்தின் பெயரைக் கோப்பில் உள்ளபடி ஒரு நெடுவரிசையிலும், மருந்துகளை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.டி.சி. குறியீட்டை அடுத்த நெடுவரிசையிலும் எழுதுங்கள். மெட்ஃபார்மினுக்கு ஏ10பிஏ02. அரசுக் கோப்பில் பொதுப்பெயரும் தனியார் மருந்தகத்தில் மருந்துப் பொருளை அடையாளம் காட்டும் நாப்பி எண்ணும் இருக்கும்; குறியீடு இல்லாமல் இரண்டையும் சேர்த்து எண்ண முடியாது. பத்தில் ஒரு கோப்பை வேறொருவர் மீண்டும் பதிவு செய்து ஒப்பிடட்டும். என் பதிவில் 500, 850 என்ற இரு மாத்திரை வலிமைகளை மாற்றி எழுதிய இடங்கள் அப்படித்தான் வெளிப்பட்டன.

ஆபத்தான ஒன்றைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்பதை முன்வரைவிலேயே எழுதுங்கள். பெரும்பாலானோர் இதை எழுதுவதில்லை, எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. மூன்றாம் வாரத்தில் நான் திறந்த ஒரு கோப்பில், டோலுடெக்ராவிர் கூட்டு மாத்திரையோடு மெட்ஃபார்மின் 850 மி.கி. நாளுக்கு மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. கூட்டினால் 2,550 மி.கி., வரம்பைப் போல இரண்டரை மடங்கு. அந்தப் பெண்ணின் அடுத்த வருகை நான்கு நாளில் இருந்தது. நான் மருந்துச்சீட்டில் கைவைக்கவில்லை, அவரைத் தொலைபேசியில் அழைக்கவும் இல்லை. அது என் பணி அல்ல. முன்வரைவில் எழுதியிருந்தபடி அந்த மணியிலேயே பணியில் இருந்த மருந்தாளுநரிடம் கோப்பைக் காட்டினேன். அவர் மருத்துவரை அழைத்து, நோயாளியை மறுநாளே வரச்சொல்லி, சிறுநீரகப் பரிசோதனைக்கும் எழுதினார். அந்த ஒரு பத்தி முன்வரைவில் இல்லாமல் இருந்திருந்தால், யாரிடம் சொல்வது, சொல்லலாமா என்று நான் தயங்கி நின்றிருப்பேன்.

9. முடிந்த பின்

அறநெறி ஒப்புதல் ஓராண்டுக்கு மட்டும். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க எழுதுங்கள். காலாவதியான பின் எடுத்த தரவுக்கு மதிப்பில்லை. முடிந்ததும் குழுவுக்கு நிறைவறிக்கையும், மாகாணத்துக்கு முடிவுகளின் நகலும் அனுப்ப வேண்டும்.

கட்டுரையை, இத்தகைய ஆய்வுகளை எழுதுவதற்கான ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலின் 22 அம்சங்களை வைத்து எழுதினால் இதழாசிரியர்களிடம் ஒரு சுற்றுத் திருத்தம் குறையும். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சலில் அழைக்கும் இதழ்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். உயர்கல்வித் துறை அங்கீகரித்த இதழ்ப் பட்டியலைப் பல்கலைக்கழக நூலகரிடம் கேட்டு, அதில் இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

நிலையத்துக்கு முழு ஆய்வேட்டைக் கொடுப்பதோடு, ஒரு பக்கத் தாளும் கொடுங்கள். மருந்து எழுதுபவரும் எடுத்துக் கொடுப்பவரும் நின்றபடியே படிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். நான் கொடுத்த தாளில், டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் காலை 500, இரவு 500 என்ற வரியும், சிறுநீரகச் செயல்பாட்டைச் சரிபார்க்கச் சொல்லும் வரியும் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தன. மருந்தகத் தலைவர் அதை மெட்ஃபார்மின் பெட்டிகள் இருக்கும் தட்டின் விளிம்பில் ஒட்டினார்.